வேலி தாண்டி வந்த பனி

பக்கத்து வீட்டு ஹால்டோர் இன்றைக்கும் வேலிக்கு மேலாகப் பனியை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார். அதுவும் குறி பார்த்து, மரூசியாவின் லில்லிப் பாத்தி மேலேயே. உயரமான பலகை வேலி. ஆள் தெரியவில்லை, ஷவல் மட்டும் ஏறி இறங்கியது.

ஜன்னலில் நின்ற மரூசியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாருடி, இன்னைக்கும் கொட்டறான் அந்த மனுஷன்."

மகள் லெஸ்யா காபிக் கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "பனிதானேம்மா. மண்ணுக்குள்ள இருக்கிற லில்லிக் கிழங்குக்குப் போர்வை மாதிரி. நல்லதுதானே?"

"வானத்துலேர்ந்து விழுந்தா நல்லது. இது வாசல் பனி. வழுக்கக் கூடாதுன்னு வாளி வாளியா உப்பு போட்டு வச்சிருக்கான். அந்த உப்பு கிழங்குல இறங்கினா ஒண்ணு மிஞ்சுமா?"

கிழங்கைப் பற்றி அவளுக்கு ஏற்கெனவே பயம்தான். ஏரிக்கரை ஊரான கிம்லியில் அந்த வருஷக் குளிர் மைனஸ் முப்பத்தைந்தைத் தொட்டுவிட்டது. பனி மட்டும் பேருக்குத்தான் விழுந்திருந்தது. பாத்தி மேல் முழங்கால் உயரத்துக்குப் பனி கிடந்தால்தான் உள்ளே கிழங்கு பிழைக்கும். வெறும் மண் என்றால் மே மாசம் தோண்டும்போது கூழ்தான் வரும். மரூசியா வைக்கோல் பரப்பிப் பார்த்தாள். ஏரிக்காற்று அதைத் தெருக்கோடியில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

வேறு வருஷமாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாள். ஆகஸ்டில் லெஸ்யாவுக்குக் கல்யாணம். என் பெண் கையில் கடைப்பூ ஏறாது, அத்தனையும் என் தோட்டத்து லில்லிதான் என்று சர்ச், மளிகைக்கடை, முடிதிருத்தகம் என்று ஓரிடம் விடாமல் சொல்லி வைத்திருந்தாள். பூ இல்லையென்றால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

ஹால்டோரோடு பேச்சுவார்த்தை நின்று மூன்று வருஷம் ஆகிறது. எல்லாம் ஊர் மலர்க் கண்காட்சியால் வந்தது. லில்லிக்கான முதல் பரிசு ஒரு வருஷம் அவளுக்கு, மறு வருஷம் அவருக்கு. மூன்றாவது வருஷமும் அவருக்கே போனபோது, நடுவர் அவர் மச்சான் என்று மரூசியா சபையில் சொல்லிவிட்டாள். மச்சான்தான், அதில் பொய் கிடையாது. ஆனாலும் அன்றோடு சரி.

"என் பூவை அழிச்சுட்டா பரிசு அவனுக்குத்தானே. வேற என்னவாம்?"

பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினாள். வந்த பனியை அள்ளி அள்ளி அந்தப் பக்கமே எறிந்தாள். மறுநாள் காலையில் அது திரும்பி வந்திருந்தது. மறுபடி எறிந்தாள், மறுபடி வந்தது. நாலு நாள் இந்தக் கூத்து நடந்தது. தெருவே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. ஐந்தாம் நாள் மரூசியாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

படுத்த இடத்திலிருந்தே நகராட்சிக்குப் போன் போட்டுப் புகார் சொன்னாள். அவர்களும் ஹால்டோருக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பினார்கள். மனுஷர் அதைப் படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், ஷவலை எடுத்துக்கொண்டு மறுபடி வேலிப் பக்கம் போய்விட்டார் என்று லெஸ்யா சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். மரூசியாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் எழுந்து நடமாடும்போது பாத்தி மேல் பனி முழங்காலுக்கு மேலே ஏறிக் கல்லாக இறுகிவிட்டது. அடுப்படியில் உட்கார்ந்து, எல்லாம் போச்சு என்று ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள்.

மே மாசம் பனி உருகியது. பார்க்கவே பிடிக்காமல்தான் பாத்திப் பக்கம் போனாள். கறுத்த மண்ணை முட்டிக்கொண்டு விரல் நுனி அளவில் பச்சை மூக்குகள். ஒன்று, இரண்டு, பத்து என்று எண்ணிக்கொண்டே போனாள். நாற்பத்து மூன்று. ஒன்றுகூடத் தவறவில்லை. சேற்று பூட்ஸோடு வீட்டுக்குள் ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றினாள்.

அப்புறம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி, வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். ஹால்டோரின் லில்லிப் பாத்தியில் ஒரு முளை இல்லை. சும்மா சொல்லக் கூடாது, அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

"அவன் போட்ட உப்பு அவன் கிழங்கையே தின்னுடுச்சுடி. கடவுள் கண்ணைத் திறந்துதான் வச்சிருக்கார்."

ஆகஸ்டில் கல்யாண மண்டபம் முழுக்க லில்லி வாசனை. லெஸ்யா கை நிறைய வெள்ளையும் ரோஸுமாகப் பூ. வந்தவர்கள் எல்லாம் பெண்ணைப் பார்த்த நேரம் பாதி, பூவைப் பார்த்த நேரம் பாதி. மரூசியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அம்மா சொல்லச் சொல்லக் கேட்காமல் லெஸ்யா ஹால்டோரையும் அழைத்திருந்தாள். பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து கடைசி வரிசையில் நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் மரூசியாவால் சும்மா இருக்க முடியவில்லை. வாயெல்லாம் பல்லாகப் போய் எதிரில் நின்றாள்.

"வந்ததுல ரொம்ப சந்தோஷம். ஆமா, உங்க லில்லி இந்த வருஷம் ஒண்ணுகூட வரலையே? வாசல் உப்பு வேலையைக் காட்டிடுச்சோ?"

ஹால்டோர் பெண்ணின் கையிலிருந்த பூவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"வாசல் பனியை யாராவது பூ மேல போடுவாங்களா, மரூசியா? அது என் பாத்தியில கிடந்த பனி. இந்த வருஷம் விழுந்தது ஒரு பாத்தியை மூடத்தான் போதும்னு இருந்தது. என் வீட்டுல கல்யாணம் ஒண்ணும் இல்லையே."