வயலுக்கு ஒண்ணும் ஆகலை

"அப்பா, அங்க ஒரே வெள்ளம்னு டிவியில காட்டறாங்களே! நம்ம வயல் எப்படி இருக்கு?"

அப்பா செல்போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார்.

"அவங்க ஒண்ணுன்னா பத்தா சொல்லுவாங்கம்மா. வரப்போரம் கொஞ்சம் தண்ணி நிக்குது, அவ்வளவுதான். அடுத்த வாரம் அறுப்பு."

"வீட்டுக்குள்ள தண்ணி வரலையே?"

"வாசப்படியைக்கூடத் தொடலை. நீ பாட்டுக்கு லீவு போட்டுட்டு ஓடி வந்துடாதே."

"பக்கத்துல ஏதோ கூட்டம் மாதிரி சத்தம் கேக்குதே?"

"அக்கம்பக்கத்து ஆளுங்க. வந்து உக்காந்து பேசிட்டிருக்காங்க."

"சாப்பிட்டீங்களா?"

"இப்பதான், வயிறு முட்ட. விவசாயி வீட்டுல சோத்துக்கா பஞ்சம்?"

"அப்புறம் எதுக்குப்பா தட்டை நீட்டிட்டு நிக்கறீங்க?"

அப்பா திடுக்கிட்டு நிமிர்ந்தார். நிவாரண முகாமின் சாப்பாட்டு வரிசையில், தெரிந்தவர் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதென்று தலையைக் குனிந்தபடியே நகர்ந்து வந்திருந்தார். எதிரே, ஒரு கையில் போனும் மறுகையில் கரண்டியுமாக மகள்! அவரைத் தேடி வந்தவள், அங்கே ஆள் போதவில்லை என்று பரிமாற நின்றிருந்தாள். வரிசையில் அவரைப் பார்த்த பிறகுதான் போன் செய்திருந்தாள்.

"எல்லாம் போச்சும்மா" என்றார். "ஒரு மணி நெல்லு மிஞ்சலை. விதைக்குன்னு வச்சிருந்த மூட்டையும் நனைஞ்சு முளைவிட்டுடுச்சு."

"நீங்க மிஞ்சியிருக்கீங்கல்ல? தண்ணி வடியட்டும். விதைக்கு நானாச்சு" என்றபடி அவள் தட்டு நிறையச் சோற்றை அள்ளி வைத்தாள்.

"பெரியவரே, நகருங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

அதுவரை யார் முகத்தையும் பார்க்காதவர் திரும்பி, வரிசை முழுவதும் கேட்கும்படி சொன்னார்:

"இருய்யா! என் பொண்ணு பரிமாறிட்டிருக்கா!"