மகரந்தத்துக்கு ஓர் உதாரணம்

“உலகத்துல அப்பா அம்மா இல்லாம வந்தது ரெண்டே ரெண்டு. ஒண்ணு கடவுள், இன்னொண்ணு அகராதி,” என்றார் பதிப்பாசிரியர், சற்றும் சிரிக்காமல்.

அலுவலகத்தில் அவருக்கு முற்றுப்புள்ளி என்று பெயர். ஏசி அறைக்குள் நுழையும் முன் வாசலில் நின்று சட்டையை இரண்டு முறை உதறுவார். இல்லாத தூசியை உதறும் ஒரே மனிதர் என்று புரூஃப் பார்க்கும் அக்கா கேலி செய்வதுண்டு.

இன்றைய தகராறு அந்த அக்காவோடுதான். ஆங்கிலம்–தமிழ் அகராதியின் புதிய பதிப்பு நாளை அச்சுக்குப் போகிறது. குடைக்கான சொல்லுக்குப் போன பதிப்பில் அக்கா எழுதிய உதாரணம்: ‘மழை நின்ற பிறகும் அவர் குடையை மடக்கவில்லை.’ முற்றுப்புள்ளி அதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு ‘இது குடை’ என்று எழுதியிருந்தார்.

“யாருக்கா அந்த அவர்?” என்று கேட்டார் முற்றுப்புள்ளி.

“எங்க வீட்டுக்காரர்தான். கல்யாணத்துக்கு முன்னாடி. மடக்கினா தள்ளி நடக்கணுமே.” அக்கா குரலைத் தாழ்த்தினார். “அவர் போய் நாலு வருஷமாச்சு தம்பி. ஒரு வரிதானே, இருந்துட்டுப் போகட்டும்.”

“இது அகராதியா, உங்க வீட்டு ஆல்பமா? இன்னைக்கு இவர் குடை பிடிப்பார், நாளைக்கு பைண்டரோட மாமியார் வந்து நிப்பாங்க.”

அக்கா மேசையில் கிடந்த வேறொரு தாளைப் பார்த்தார். மகரந்தத்துக்கான ஆங்கிலச் சொல், போலன். மூன்று நாளாக முற்றுப்புள்ளி அந்த ஒரே தாளைக் கட்டிக்கொண்டு அழுகிறார்.

“இது இன்னும் முடியலையா?”

“லத்தீன்ல இதுக்குப் பூவோட சம்பந்தமே இல்லக்கா. நைசா அரைச்ச மாவு. அரைக்கும்போது பறந்து எல்லார் மேலயும் படியுமே, அதுதான். பூவுக்கு வந்ததெல்லாம் ரொம்பப் பின்னாடி.” விரல் நுனிகளைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டார். “உதாரணம் மட்டும் அமைய மாட்டேங்குது.”

“‘இது மாவு’ன்னு போடுங்க,” என்று சொல்லிவிட்டு அக்கா டீ குடிக்கப் போய்விட்டார். அன்று முழுவதும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் காலை இரண்டு தாள்களும் கையெழுத்தாகி அக்காவின் மேசையில் இருந்தன. முற்றுப்புள்ளி தன் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, மும்முரமாக எதையோ தேடுவதுபோல் குனிந்திருந்தார்.

குடையின் வரியில், சிவப்புக் கோட்டுக்கு அடியில் வரிசையாகப் புள்ளிகள். ஓரத்தில் பொடி எழுத்தில் ‘இருக்கட்டும்’.

அக்கா அடுத்த தாளைப் புரட்டினார்.

போலன். முதல் பொருள்: நுண்ணிய மாவு. உதாரணம்: ‘மாவு மில்லிலிருந்து வந்ததும் அப்பா வாசலில் நின்று இரண்டு முறை சட்டையை உதறுவார், நான் ஓடிப்போய் அடியில் நின்றுகொள்வேன்.’