படிவத்தில் எழுதிய எண்

வங்கிக் கணக்கு என்பது வெறும் எண், அதன்மேல் பாசம் வைப்பவன் மனித குல வளர்ச்சிக்கே தடை என்று நான் கண்டறிந்திருந்தேன். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற ஒருவனுக்கு இது சாதாரணக் கண்டுபிடிப்பு அல்ல.

ஊரிலிருந்து வங்கி எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் கடிதம் அனுப்பியிருந்தது. வெளிநாட்டில் வசிக்கும் வாடிக்கையாளர்களின் கணக்குகள் முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்கு மூடப்படும். இதுவரை எங்களோடு இருந்ததற்கு நன்றி.

நான் ஒரு தடவை படித்துவிட்டுக் கொட்டாவி விட்டேன். ரசீது பதினோரு தடவை படித்தான்.

ரசீது என்பது நான் வைத்த பெயர். அறையில் அடுத்த கட்டில், இஸ்திரி உருளையில் என் ஜோடி. தினமும் இடைவேளையில் காபி இயந்திரத்தில் ஊர் வங்கியின் கார்டைத் தட்டிவிட்டு, அது துப்பும் ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைப்பான். இந்த நாட்டு வங்கியின் கார்டு அவன் பர்ஸில் சும்மா தூங்கும். ஊர் கார்டு என்பதால் ஒவ்வொரு காபிக்கும் தனிக் கட்டணம் வேறு. கால் காபியை வங்கிக்காரன் குடிக்கிறான், மிச்சத்தை இவன் குடிக்கிறான் என்று கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். துணி மடிக்கிற அக்காக்கள்வரை சிரித்தார்கள்.

காரணம் தெரிந்த பிறகும் நான் நிறுத்தவில்லை.

கல்லூரியில் சேரும்போது திறந்த கணக்கு அது. அப்போது அவனிடம் கைபேசி இல்லாததால் படிவத்தில் அப்பாவின் எண்ணை எழுதினான். கார்டைத் தட்டினால் செய்தி இன்றைக்கும் அவருக்குத்தான் போகும்.

அப்பாவும் பிள்ளையும் பேசி இரண்டு வருடம். விமானம் ஏறுவதென்றால் ஏறு, அதற்கப்புறம் எனக்குப் போன் பண்ணாதே என்றார் அவர். இவன் அப்பா சொல்லை மீறாத பிள்ளை. பண்ணவில்லை.

போன வருடம் மூன்று நாள் காய்ச்சலில் படுத்துவிட்டான். காபி இல்லை. நான்காம் நாள் காலையில் தங்கை கூப்பிட்டாள்.

"ஒடம்பு சரியில்லையாண்ணா? அப்பா ஒண்ணும் கேக்கல. மூணு நாளா போனைக் கையிலயே வச்சுக்கிட்டு, டவர் இல்லன்னு கம்பெனிக்காரனைத் திட்டிக்கிட்டு இருக்காரு."

அன்றைக்கே சுவரைப் பிடித்துக்கொண்டு இயந்திரம்வரை போய்வந்தான். வாங்கிய காபியைக் குடிக்கவில்லை.

இப்போது கணக்கு மூடப்பட்டது என்ற செய்தியும் அதே எண்ணுக்குத்தான் போகும். அதற்கு முன்னால், அதே நாளில், ஒரு காபி அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது ரசீதின் கவலை. இல்லையென்றால் பிள்ளையே கணக்கை முடித்துக்கொண்டான் என்று நினைத்துவிடுவாராம்.

தங்கையை விட்டுச் சொல்லச் சொன்னேன். முடியாதாம். அந்தச் செய்திகளை அவர் பார்ப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறாராம். அப்படியானால் நேரே அவருக்கே பேசு என்றேன்.

"பேசலாம்டா. எடுத்துட்டார்னா?"

சிரித்தேன்.

முப்பதாம் தேதி. ஐந்து மணிவரை நேரம் இருக்கிறது, மூன்று மணி இடைவேளையில் நிதானமாக வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தான். விரிப்பின் ஒரு முனையை அவன் பிடிக்க, மறு முனையை நான் பிடிக்க, உருளை இழுத்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு இருபதுக்கு எனக்கு உறைத்தது.

"டேய், அது நம்ம அஞ்சு மணி இல்லடா. ஊர் அஞ்சு மணி."

ஊரில் அப்போது நான்கு ஐம்பது. பதினோரு தடவை படித்தவன் அதைக் கவனிக்கவில்லை.

ரசீது விரிப்பைவிட வெளுத்துப்போனான். ஆனாலும் கையை விடவில்லை. ஒருவன் விட்டால் துணி சுருண்டுகொண்டு உள்ளே போய்விடும். ஆபத்துக்கு மட்டும் என்று எழுதியிருந்த சிவப்புப் பொத்தானை நான் அழுத்தினேன். மேற்பார்வையாளர் என் பெற்றோரைப் பற்றி விசாரித்தது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

இயந்திரத்துக்கு முன்னால் ஒரு நர்ஸம்மா. சில்லறையை ஒவ்வொன்றாகப் போட்டார். ஒரு காசை இயந்திரம் துப்பியது. அதைத் துடைத்து மறுபடி போட்டார். அது மறுபடி துப்பியது. ரசீதின் உதடு எதையோ முணுமுணுத்தது. சாமி பெயரா, கெட்ட வார்த்தையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

நான்கு ஐம்பத்தாறுக்கு அவன் முறை வந்தது. தட்டினான். சிவப்பு. சட்டையில் துடைத்துவிட்டுத் தட்டினான். பச்சை.

"போயிருக்கும்ல?" என்றான், கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

போயிருக்கும் என்றேன். மேற்பார்வையாளர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். நீ போய்ச் சமாளி, பின்னாலேயே வருகிறேன் என்று அவனை அனுப்பினேன்.

நடைவழியில் யாரும் இல்லை. இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டேன்.

என் அடையாள அட்டையின் உறைக்குள், போட்டோவுக்குப் பின்னால், அதே வங்கியின் கார்டு இரண்டு வருடமாகச் செருகி இருந்தது. ஒரு தடவைகூட எதிலும் தட்டியதில்லை. கல்லூரியில் சேர்ந்தபோது என்னிடமும் கைபேசி கிடையாது.

என் அப்பா என்னிடம் போன் பண்ணாதே என்றுகூடச் சொல்லவில்லை.

ஊரில் நான்கு ஐம்பத்தெட்டு. வாங்கியது என்ன என்பது செய்தியில் வராது, தொகை மட்டும்தான் வரும். பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தேன். இருப்பதிலேயே விலை அதிகமானதை அழுத்தினேன்.