யார் பெயரில்

தத்துக் கொடுத்த நாய் மறுபடி அனாதையாகிவிடக் கூடாது என்பது சட்டம். அதனால் எடுப்பவரின் மிச்ச ஆயுளுக்கும் நாயின் மிச்ச ஆயுளுக்கும் பொருத்தம் பார்த்துத்தான் காப்பகத்து இயந்திரம் நாயை வெளியே விடும்.

ஏழு வயது நிலானி திரையில் கைவைத்தாள். முகமெல்லாம் நரைத்த கிழ நாய் ஒன்று மெல்ல நடந்து வந்தது.

"எனக்குக் குட்டிதாம்மா வேணும்."

அம்மா தேன்மொழி ஊழியரிடம், "மிஷின்ல ஏதோ கோளாறு. இன்னொரு தடவ பாருங்க" என்றாள்.

"திரும்பத் திரும்பப் பாத்துட்டேங்க. பாப்பாவுக்கு இதத்தான் காட்டுது." அவர் தலை நிமிரவில்லை.

தேன்மொழி அந்த நாயையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "என் பேருல போடுங்க" என்றாள்.

கதவு திறந்தது. துள்ளி ஓடிவந்த குட்டியை நிலானி அள்ளிக்கொண்டாள்.

"உன் பேரச் சொன்னதும் குட்டியே வந்துடுச்சு பாத்தியாம்மா" என்று சிரித்தாள்.