தலைவியின் வாய்

அந்த மேற்கு ஆப்பிரிக்க ஊரில் தலைவி செர்வா மக்களிடம் நேராகப் பேசக் கூடாது. அவர் மெதுவாகச் சொல்வதைப் பேச்சாளர்தான் உரக்கச் சொல்வார். அது மரபு. இப்போது பேச்சாளருக்குப் பதில், சுரங்க அமைச்சர் கொண்டுவந்து வைத்த இயந்திரம்.

"ஆத்தங்கரையைச் சுரங்கத்துக்குத் தர மாட்டேன்" என்று அதனிடம் தாழ்ந்த குரலில் சீறினார் செர்வா.

"தலைவி மகிழ்ச்சியோடு சம்மதிக்கிறார்" என்றது இயந்திரம். கூட்டம் கைதட்டியது.

செர்வா சட்டென்று எழுந்தார். செருப்பை உதறிவிட்டு வெறுங்காலை மண்ணில் ஊன்றினார். தலைவியின் வெறுங்கால் மண்ணில் பட்டால் பதவி போய்விடும்.

"இப்ப நான் தலைவி இல்ல. இனி என் வாயாலயே பேசுவேன். தர மாட்டேன்னுதான் சொன்னேன்! அந்தச் சனியன் பொய் சொல்லுது!"

கைதட்டல் நின்றது. அமைச்சர் நிதானமாக எழுந்தார்.

"தலைவி சம்மதிச்சாச்சு. வேண்டாம்னு சொல்ல நீங்க யாரும்மா?"