அட்டைப் படகு

கறுப்புச் சார்ட்டில் அமலி டீச்சர் வெட்டிக் கொடுத்த கண்பட்டைகளைக் கட்டிக்கொண்டு, எல்.கே.ஜி. கடற்கொள்ளையர்கள் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டிக்குள் கூச்சலோடு குதித்தார்கள். உள்ளே படகுக்காரியாக உட்கார்ந்திருந்த ஜெனிட்டா அலறவில்லை. தண்ணீர் பாட்டில், டிபன் டப்பா, கடைசியில் செருப்பு என்று தானாகவே எடுத்துக் கொடுத்துவிட்டுக் கைகூப்பினாள்.

"எஞ்சினை மட்டும் விட்டுருங்கண்ணே. கரையில எம்புள்ள காத்துக்கிட்டு நிக்கும்."

அவள் அப்பா போன வாரம் நடுக்கடலில் கொள்ளையரிடம் வலையைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பியது அமலிக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த விளையாட்டை யோசித்த தன் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கொள்ளைத் தலைவன் டிபன் டப்பாவோடு விழித்தான். கண்பட்டையை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டான்: "கரை எங்க இருக்கு டீச்சர்?"

அமலி சாக்பீஸை எடுத்து, பெட்டியை ஒட்டியே ஒரு கோடு கிழித்தாள்.