ஃப்ரீசரைத் திறந்து வைத்தது யார்?

“யார் இந்தக் கதவைத் திறந்து வெச்சது?”

ஃப்ரீசருக்குள் ஒரு பனிமலையே முளைத்திருந்தது. பட்டாணிப் பொட்டலத்தை விழுங்கி ஏப்பமும் விட்டிருந்தது. இன்ஸ்பெக்டர் கரண்டியால் குத்திப் பார்த்தார். கரண்டிதான் வளைந்தது.

ஆபீஸில் அவர் சாதாரண கணக்கர். வீட்டில்தான் இன்ஸ்பெக்டர். மனைவி வைத்த பெயர். அவர் எதிரில் மட்டும் சொல்வதில்லை.

போன வாரம்தான் எல்லாவற்றையும் கரைத்துத் துடைத்தார். கதவிடுக்கில் காகிதம் வைத்து இழுத்துப் பார்த்தார். ரப்பர் கெட்டியாகப் பிடித்தது. மறுபடியும் மலை!

மெக்கானிக் வந்தார். டார்ச் அடித்தார், தட்டினார், ஆபரேஷன் முடிந்து வெளியே வரும் டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

“மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல சார். யாரோ கதவை ரொம்ப நேரம் திறந்து வெக்கிறாங்க. வெளிக்காத்து ஈரம் உள்ள போய் ஐஸாப் புடிக்குது. சின்னப் பசங்க இருக்காங்களா?”

“பசங்களா? நான், இவ, எங்கம்மா. அவ்வளவுதான்.”

மெக்கானிக் அம்மாவைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரும் பார்த்தார்.

“என்னங்க, அது வந்து...” மனைவி இழுத்தாள்.

“நான்தான்டா,” என்று முந்திக்கொண்டாள் அம்மா. “திறப்பேன். எதுக்குத் திறந்தோம்னு மறந்துபோயிடும். அப்படியே விட்டுட்டுப் போயிடுவேன்.”

இன்ஸ்பெக்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இன்னிக்கு ஃப்ரீசர். நாளைக்கு கேஸ் அடுப்பு!

உடனே அக்காவுக்கு போன். “அம்மாவுக்கு ஞாபகம் தப்புது. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. இனிமே நீதான் வெச்சுக்கணும்.”

“ஐயோ, எங்க வீட்ல இடம் ஏதுடா...” என்று ஆரம்பித்த அக்கா, மூக்கை உறிஞ்சி, “சரி, கொண்டாந்து விடு” என்று முடித்தாள்.

அம்மா துணிமணியை எடுத்துப் பையில் அடுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி பிடிக்கக் கிளம்பினார் இன்ஸ்பெக்டர். ஞாபகமாக செல்போனை மறந்துவிட்டதால் பாதித் தெருவிலேயே திரும்பினார்.

சமையலறையில் ஃப்ரீசர் ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே தலையை விட்டு நின்றது அம்மா இல்லை. மனைவி!

அவள் முதுகு வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. அம்மா ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் ஒரு தட்டை வைத்து விசிறிக்கொண்டிருந்தாள்.

“நானே அவர்கிட்ட சொல்லிடறேன் அத்தை. நீங்க எதுக்குப் பழி சுமக்கணும்?”

“வாயைத் திறந்தே, பல்லு பேந்துடும். பேசாம மூச்சு விடு.”

“என்ன நடக்குது இங்க?”

மனைவி சட்டென்று தலையை வெளியே எடுத்தாள். அம்மா கதவை விடவில்லை.

“மாசாமாசம் வர்றது நிக்கிற வயசுடா அவளுக்கு. திடீர் திடீர்னு உடம்பு தணலாக் கொதிக்கும். உன் ஃபேன் காத்தெல்லாம் எந்த மூலைக்கு?”

“அதை எங்கிட்ட சொன்னா என்ன? நீ எதுக்கும்மா மறதின்னு பொய் சொன்னே?”

“எனக்கு இப்படி வந்தப்போ உங்கப்பாகிட்ட நான் சொன்னேனே. பைத்தியம்னு முடிவு கட்டி எங்கம்மா வீட்ல கொண்டுபோய் விட்டார்.”

“பாட்டிக்கு உடம்பு முடியலன்னுதானேம்மா நீ அப்போ போனே?”

“உங்ககிட்ட அப்படிச் சொன்னார்.”

அம்மா தட்டை வைத்துவிட்டுப் பையைத் தூக்கினாள்.

“நீயும் எப்படியும் யாரையாவது அனுப்பத்தான் போறே. பழக்கப்பட்டவ நான். நானே போயிடறேன்டா.”